வென்றால் எம்மவன்! வீழ்ந்தால்?



குத்துச்சண்டையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், மன்றத்திலே முன்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் முகத்திலே ஒரு மலர்ச்சி. பின்னாலிருந்த பெரியவர்கள் முகத்திலே ஒரு சுளிப்பு! "அரசியல் பேச அழைத்தோம், இவனோ அடிதடி பேச வந்திருக்கிறானே!" என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். அன்று பேசியதை ஏட்டுக்கு எழுதித் தரும் இந்த நேரத்திலே, ஞாயிற்றுக்கிழமை காலையில் இதழைப் பிரிக்கும் உங்கள் முகத்தையும் எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன். சற்றே பொறுத்தருள்க! நாடு எது, நாட்டவன் எவன், அதை முடிவு கட்டும் உரிமை எவரிடம் இருக்கிறது — நாம் நாளும் பேசுகிற பொருள் இது. கையுறை அணிந்த இரண்டு இளைஞர்களை முன்னிட்டு, கடல் நடுவே கிடக்கும் ஏழாயிரம் தீவுகளைக் கொண்ட ஒரு நாடு இதே கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2000ஆம் ஆண்டு. சிட்னி ஒலிம்பிக் பந்தயத்துக்கு அமெரிக்கா தன் குத்துச்சண்டை வீரர்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தது. எடை குறைந்தோர் பிரிவு. கயிறு கட்டிய மேடையிலே இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். வெல்பவன் அமெரிக்கச் சட்டை அணிவதற்கு ஒரு படி நெருங்குவான். தோற்பவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவான். நிற்பவர் இருவரும் யார்? இருவருமே பிலிப்பைன் பெற்றோரின் பிள்ளைகள்! ஒருவன் பிரையன் விலோரியா. ஹவாய்த் தீவுகளிலே, வாய்ப்பாஹு என்னும் ஊரிலே, 1980இல் பிறந்தவன். மற்றவன் நோனிட்டோ டொனேர். பிலிப்பைனின் பொஹோல் தீவிலே 1982இல் பிறந்து, தெற்கே ஜெனரல் சாண்டோஸ் நகரிலே தவழ்ந்து வளர்ந்து, பத்துப் பதினோரு வயதிலே குடும்பத்தோடு கடல் கடந்து கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தவன். விலோரியா வென்றான். சிட்னிக்கும் சென்றான். பிரெஞ்சு நாட்டு வீரன் பிராஹிம் அஸ்லூமிடம் தோற்று, பதக்கமின்றித் திரும்பினான்.

ஒன்பது ஆண்டுகள் உருண்டோடின. 2009 ஏப்ரல் 19. மணிலாவை அடுத்த கேசோன் நகரிலே, அரனேட்டா கொலீசியம் என்னும் பேரரங்கம். அன்றைய போட்டிகளிலே முதன்மையானவை இரண்டு. ஒன்றிலே மெக்சிகோ நாட்டு உலக வீரன் உலிசெஸ் சோலிசைப் பதினோராம் சுற்றிலே சாய்த்துப் பட்டத்தைப் பறித்தான் ஒருவன். மற்றொன்றிலே தன் பட்டத்தைக் காத்துக்கொள்ள, ரவுல் மார்ட்டினெஸ் என்பவனை நான்காம் சுற்றிலேயே வீழ்த்தினான் இன்னொருவன். முன்னவன் விலோரியா; பின்னவன் டொனேர்! அமெரிக்கச் சட்டைக்காக ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட அதே இருவர், ஒரே நாளில், ஒரே மேடையில், பிலிப்பைன் மக்கள் நடுவே, அவர்தம் பிள்ளைகளாக நின்றனர். நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு காட்சியை நானாக அமைத்திருந்தால், "தற்செயலுக்கும் ஓர் அளவு வேண்டாமா ஐயா!" என்று ஒத்திகையிலேயே அடித்துவிடச் சொல்லியிருப்பார்கள். வரலாற்றுக்கு ஒத்திகையும் இல்லை. அடித்துத் திருத்த ஆளும் இல்லை.

அந்தப் பேரரங்கத்துக்கு வெளியிலே, தேநீர்க் கடைகளிலும் திண்ணைகளிலும், கலிபோர்னியாவிலே வேலை முடித்து வீடு திரும்பும் பேருந்துகளிலும் ஒரு வாதம் நடந்துகொண்டே இருந்தது. "அவன் நம்மவன்!" என்றனர் ஒரு சாரார். "எப்படி நம்மவன்? பிறந்தது அங்கே, படித்தது அங்கே, ஒலிம்பிக்கிலே தூக்கியது அவர்கள் கொடி. பட்டம் வந்ததும் மட்டும் நம்மவனா?" என்றனர் மறுசாரார். பாக்கியாவைப் பற்றி எவரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் பயிற்சி பெற்றதும் பட்டங்களை வென்றதும் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் என்றாலும், கேட்டதில்லை. பிறந்த மண்ணும் கையிலுள்ள காகிதமும் ஒன்றாக இருப்பவனிடம் எவரும் சான்று கேட்பதில்லை. இரண்டும் வேறு வேறாக இருப்பவனைத்தான் ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்திக் கேட்கிறார்கள்.

காகிதம் என்ன சொல்கிறது என்று முதலிலே பார்த்துவிடுவோம். அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன். அது அந்நாட்டுச் சட்டம். பிலிப்பைன் குடிமகனுக்குப் பிறந்த குழந்தை, எந்த மூலையில் பிறந்தாலும், பிலிப்பைன் குடிமகன். அது இந்நாட்டுச் சட்டம். ஆகவே, கேட்காமலே இரு நாட்டுக்கும் உரியவராகப் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றதால் பிறந்த நாட்டின் உரிமையை இழந்தவர்கள், உறுதிமொழி கூறி அதை மீண்டும் பெறலாம் என்று 2003ஆம் ஆண்டில் 9225 என்னும் எண்ணிட்ட சட்டத்தை மணிலா இயற்றியது. அப்படி மீண்டவர் வாக்களிக்கலாம். ஆனால் தேர்தலில் நிற்க வேண்டுமாயின் அயல்நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டம் இந்த அளவுக்கும் இடம் தருவதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது, பிறகு ஓ.சி.ஐ. என்றோர் அட்டை தருகிறார்கள்; அதைக் காட்டி வந்து போகலாம், வாக்குச் சாவடிக்குள் நுழைய முடியாது.

பிலிப்பைனின் 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலே வேறொரு விதியும் இருக்கிறது. இரு நாட்டின்மீது பற்றுக் கொள்வது நாட்டு நலனுக்கு மாறானது என்கிறது அது. புரிகிறதா? குடியுரிமை இரண்டு இருக்கலாம். பற்று இரண்டு இருக்கலாகாது! நல்லது. குடியுரிமையைப் பதிவேட்டில் பார்த்துவிடலாம். பற்றை எந்தத் தராசிலே நிறுப்பது? எவர் நிறுப்பது?

அந்தத் தராசை இதுவரை கையில் வைத்திருந்தவர்கள் எவரென்று பாருங்கள்.

1898 ஜூன் 12ஆம் நாள், காவிட்டே மாநிலத்துக் காவிட் ஊரிலே, ஸ்பெயினின் ஆதிக்கம் ஒழிந்தது என்று அகினால்டோ விடுதலை முழக்கமிட்டார். அதே ஆண்டு டிசம்பரிலே, பாரிசு நகரிலே, அந்த மக்களுள் ஒருவரையும் அழைக்காமல், ஸ்பெயின் அந்தத் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. இரண்டு கோடி டாலர் கைமாறியது! சந்தையிலே மாடு விற்பவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டி விற்கிறான். இங்கே நாட்டைப் பாராமலே விற்றார்கள், மக்களைக் கேளாமலே வாங்கினார்கள். மறு ஆண்டே போர் மூண்டது. அந்தப் போர்க்காலத்திலே, 1901இல், நீக்ரோஸ் தீவிலே பிறந்த ஒரு சிறுவன் பிரான்சிஸ்கோ கில்லெடோ. உலகம் அவனைப் பாஞ்சோ வில்லா என்று அறியும். 1923 ஜூன் 18ஆம் நாள், நியூயார்க்கு நகரிலே, வேல்சு நாட்டு ஜிம்மி வைல்டை ஏழாம் சுற்றிலே வீழ்த்தி உலக வீரனானான். அப்போது அவன் எந்த நாட்டான்? அமெரிக்கக் குடிமகன் அல்லன், அயலானும் அல்லன். அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்டவன் — அவ்வளவே! வரி கேட்கும்போது சொந்தம். வாக்குக் கேட்கும்போது அன்னியம். இரண்டே ஆண்டுகளில், பல்லிலே தோன்றிய நச்சு உடலெங்கும் பரவி, இருபத்து நான்கு வயது நிரம்புமுன் சான் பிரான்சிஸ்கோவிலே மாண்டான் அந்த மாவீரன். உயிரற்ற உடல் மணிலாவுக்கு வந்து சேர்ந்தது. அவன் நம்மவனா என்று அன்று கேட்டார் எவருமில்லை. கேட்பதற்கு அவர்களுக்கென்று ஒரு நாடே இல்லையே!

வீரன் மட்டுமா கடல் கடந்தான்? 1906 டிசம்பரிலே பதினைந்து பேர் ஹவாய் சென்று இறங்கினர், கரும்பு வெட்ட. அடுத்த நாற்பது ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவர்களைத் தொடர்ந்தனர். விலோரியா பிறந்த வாய்ப்பாஹு இருக்கிறதே, அதுவே கரும்புத் தோட்டத்தைச் சுற்றி எழுந்த ஊர். ஆலையின் புகைபோக்கியே அதன் கோபுரம். தேயிலைக்கும் இரப்பருக்கும் கரும்புக்கும் நம் இனத்தவர் கப்பலேறியதை அறிந்த நமக்கு, அந்தக் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் தோட்டங்களிலே குனிந்து நிமிர்ந்த பிலிப்பினோ உழைப்பாளர்களுக்குக் கிடைத்த பெருமையென்ன? 1930 ஜனவரியிலே வாட்சன்வில் ஊரிலே வெறியர் கும்பல் நாள்கணக்கில் அவர்களை வேட்டையாடியது. ஃபெர்மின் டொபேரா என்னும் இளைஞன் குண்டடிபட்டு இறந்தான். 1934இல் ஒரு சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து விடுதலை தருகிறோம் என்று ஒரு கையால் நீட்டிய அதே சட்டம், இன்று முதல் நீங்கள் அயலார் என்று மறு கையால் தள்ளியது. ஆண்டுக்கு ஐம்பது பேருக்கு மேல் நுழையக்கூடாது! நேற்றுவரை ஆளுகைக்கு உட்பட்டவன், ஒரு கையெழுத்திலே வேற்றாள் ஆனான்.

1946இல்தான் பிலிப்பினோக்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தடை நீங்கியது. அதே சட்டம்தான் இந்தியருக்கும் அந்தக் கதவைத் திறந்தது என்பதை நம் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஆண்டுக்கு நூறு பேர் — அவர்களுக்கு நூறு, நமக்கு நூறு. கதவென்றா சொன்னேன்? சாளரம் என்பதே பொருந்தும்.

இன்னொரு செய்தி சொல்கிறேன். என்னை உறங்கவிடாத செய்தி. சப்பான் படையெடுத்து வந்தபோது, அமெரிக்கக் கொடியின்கீழ் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் படைக்கலம் ஏந்தினர். காட்டிலே பசித்துக் கிடந்தனர். சிறைப்பட்டு, நடக்க வைக்கப்பட்டே மாண்டனர். போர் முடிந்தது. 1946 பிப்ரவரியிலே வாஷிங்டன் ஒரு சட்டம் செய்து, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆற்றியது படைவீரர் உதவிகளுக்குரிய பணியே அன்று என்று கைகழுவிற்று. அறுபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தனர் அந்தக் கிழவர்கள். 2009 பிப்ரவரியிலே, எஞ்சியிருந்தோருக்கு ஒரே முறையாக ஒரு தொகை தரச் சட்டம் வந்தது. எவ்வளவு? அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் 15,000 டாலர், இல்லையென்றால் 9,000! ஒரே பதுங்குகுழி, ஒரே பட்டினி, ஒரே காயம். ஆனால் காகிதத்துக்கு ஒரு விலை, காகிதமின்மைக்கு ஒரு விலை. இது நடந்த இரண்டு மாதங்களுக்குப் பின்னால்தான், அரனேட்டா அரங்கத்திலே விலோரியாவும் டொனேரும் மேடையேறினார்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்த மேடையை நோக்கி, "நீ எந்த நாட்டுக் காகிதம் வைத்திருக்கிறாய்?" என்று கேட்பவன், எவனுடைய கேள்வியைக் கடன் வாங்கிக் கேட்கிறான்?

ஆனால் தோழர்களே, எதிர்வாதத்தை மறைத்துவிட்டு வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. "அமெரிக்கச் சட்டை அணிந்தானே!" என்ற குமுறலிலே ஒரு நெருப்பு இருக்கிறது, அது பொய் நெருப்பு அன்று. 1964இல் ஆந்தனி வில்லனுவேவா வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1996இல் மன்சுவெட்டோ வெலாஸ்கோ வெள்ளி பெற்றார். குத்துச்சண்டையைத் தன் குலத்தொழில்போல் போற்றும் அந்த நாட்டுக்கு, அந்த ஆட்டத்திலே ஒலிம்பிக் தங்கம் கைக்கெட்டாமலே நழுவிக்கொண்டிருந்தது. அந்த ஏக்கத்தோடு இருப்பவன், 1999இலேயே ஹூஸ்டன் நகரில் உலகப் பந்தயத்திலே தங்கம் வென்ற விலோரியாவை மாற்றான் சட்டையிலே பார்க்கும்போது வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரியட்டும். தாய்க்கு எரிவதுபோல் எரியட்டும். பத்தொன்பது வயதுப் பையன், பிறந்து வளர்ந்த ஊர் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டான் என்பதையும் அந்தத் தாய் அறிவாள்.

இரண்டாவது குறையை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். மிந்தனாவோவிலும் நீக்ரோசிலும் ஓட்டைக் கூரைக்கடியிலே, கிழிந்த மணல்மூட்டையைக் குத்திப் பழகும் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைச் சப்பானுக்கும் தாய்லாந்துக்கும் கூட்டிச்சென்று, அந்நாட்டு வீரர்களின் வெற்றிக் கணக்கை ஏற்றுவதற்கு அடிவாங்க நிறுத்துகிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து வருபவனுக்கு விளக்கும் விளம்பரமும்; இவனுக்கு இருட்டும் இரண்டாம் வகுப்புச் சீட்டும். இந்தக் குறைக்கு மறுமொழி சொல்ல வேண்டியவன் விலோரியாவா, டொனேரா? அல்லன்! இரண்டு கொடி இருந்தால் இரண்டு ஊரில் சீட்டு விற்கலாம் என்று கணக்குப் போடுகிற முதலாளி சொல்லட்டும். உழைக்கும் மக்களைக் கப்பலேற்றி, அவர்கள் அனுப்பும் டாலரிலே கருவூலத்தை நிரப்பி, "புதிய வீரர்களே!" என்று அவர்களுக்குப் பட்டம் சூட்டி, ஏறத்தாழ ஒரு கோடிப் பேரைக் கடலுக்கப்பால் வாழவிட்டிருக்கிற ஆட்சியாளர் சொல்லட்டும். மக்களை ஏற்றுமதி செய்தவனே, மக்களின் பிள்ளையைப் பார்த்து "நீ அயலானா?" என்று கேட்கலாமோ?

டொனேரின் வாழ்விலே ஒரு நிகழ்ச்சி. 2006இலே அவன் அண்ணன் கிளென் டொனேரைத் தோற்கடித்தான் விக் தார்சினியன் என்ற முரட்டு வீரன். தோல்வியையே அறியாதவன், வாயும் ஓயாதவன். 2007 ஜூலை 7ஆம் நாள் தம்பி அவன் எதிரே நின்றான். ஐந்தாம் சுற்று. இடக்கை வளைந்து வந்தது. தார்சினியன் தடுமாறித் தரையிலே வீழ்ந்தான். பிலிப்பைன் தீவுகள் துள்ளிக் குதித்தன. கவனியுங்கள்: தார்சினியன் யார்? ஆர்மீனியாவிலே பிறந்து, சிட்னி ஒலிம்பிக்கிலே ஆர்மீனியாவுக்காகக் களம் கண்டு, பிறகு அந்தச் சிட்னியையே வீடாக்கிக்கொண்டவன்! பிறந்த மண்ணை விட்டு வந்த இருவர், கனெக்டிகட் மாநிலத்திலே ஒரு மேடையில், தத்தம் மக்களின் பெயரால் மோதிக்கொண்டனர். அன்று ஜெனரல் சாண்டோசிலே கைதட்டியவர்களுக்குக் கடவுச்சீட்டு நினைவுக்கு வரவில்லை. அண்ணனுக்காகத் தம்பி அடித்தான். அது போதுமானதாக இருந்தது.

வெற்றியிலே எல்லாருக்கும் மறதி வரும், அதிலே வியப்பில்லை. 2013இலே நியூயார்க்கில் கியூபா நாட்டிலிருந்து வெளியேறிய ரிகோண்டோவிடம் டொனேர் தோற்றான். 2019இலே சப்பானின் சைத்தாமாவிலே இனோவேயிடம் பன்னிரண்டு சுற்றும் நின்று தோற்றான். நினைவு திரும்புகிற நாள்கள் அவைதாம்! "என்ன இருந்தாலும் அவன் அமெரிக்காவிலே வளர்ந்தவன்" என்ற சொல், தோல்விக்கு மறுநாள்தான் நாக்கின் நுனிக்கு வரும். இந்த நோய் அந்தத் தீவுகளுக்கு மட்டும் உரியதா? வெற்றிவிழா மேடையிலே நாற்காலிக்கு முந்துவோரையும், கட்டுத்தொகை பறிபோன இரவிலே கொடிக்கம்பத்தடியில் எஞ்சி நிற்போரையும் நாம் பார்த்திருக்கிறோம். எண்ணிக்கை ஒத்துப்போனதுண்டா?

2010 ஜனவரி 23. மணிலாவின் பக்கத்திலே பசாய் நகர். விலோரியா தன் பட்டத்தைக் காக்கக் கொலம்பியா நாட்டுக் கார்லோஸ் தமாராவை எதிர்கொண்டான். சுற்றுகள் ஏற ஏற வலுவிழந்தான். பன்னிரண்டாம் சுற்று, கடைசிச் சுற்று. இன்னும் சிறிது நேரம் நின்றிருந்தால் மணியடித்திருக்கும். நிற்க முடியவில்லை. நடுவர் குறுக்கே புகுந்து நிறுத்தினார். பட்டம் போயிற்று, மேடையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள் அவனை. ஹவாயிலே பிறந்தவன், அமெரிக்கச் சட்டை அணிந்து ஒலிம்பிக் சென்றவன், பிலிப்பைன் மண்ணிலே, பிலிப்பைன் மக்கள் கண்ணெதிரே, தன் உடம்பின் கடைசித் துளி வலுவையும் செலவிட்டுவிட்டுக் கிடந்தான். அந்தக் கட்டிலருகே போய் நின்றுகொண்டு, "உன் காகிதத்தை எடு, பார்ப்போம்" என்று கேட்க உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

அவன் தேறினான். 2011 ஜூலையிலே, பிறந்த தீவிலே, ஹொனலுலுவிலே, மெக்சிகோவின் ஹூலியோ செசார் மிராண்டாவை வென்று மீண்டும் உலக வீரனானான். அங்கேயே இருந்திருக்கலாம். அந்த ஆண்டு டிசம்பரிலே மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு மணிலாவின் பக்கமே வந்தான். பாசிக் நகரிலே மேடை போட்டிருந்தார்கள். எதிரே ஜியோவானி செகுரா, இடியைப்போல் அடிப்பவன் என்று பெயரெடுத்தவன். செகுராவின் நெற்றி ஒரு பக்கம் பந்துபோல் வீங்கிற்று. எட்டாம் சுற்றிலே நடுவர் கையை உயர்த்தினார்.